வடக்குப் பக்கத்து ஃபின்

டெல்லி கரோல் பாக்கில் கார் பம்பர் ஒட்டும் பட்டறையில் நான் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எட்டாவதோடு படிப்பை விட்டவன். அதுவரை ஏழு ஊர்களில் இருந்துவிட்டேன். ஃபைபர் வேலை தெரிந்ததால் இங்கே படுக்க இடமும் சேர்ந்து கிடைத்தது.

அப்போது வேலை கொண்டுவந்தவர் ஓர் அக்கா; நகரின் மறுகோடியில் துவாரகாவில் இருப்பவர், விமான நிலையத்தில் வேலை. தமிழ்க் குடும்பம்தான், பிறந்தது டெல்லியில். வண்டியின் மேல் எட்டடி சர்ஃப் போர்டை, அலைச்சறுக்குப் பலகையை, கட்டிக்கொண்டு மே மாதக் காலையில் பட்டறைக்கு வந்தார். அதன் வால் பக்கம் விரிசல் விட்டிருந்தது.

"பையா, இத ஒட்ட முடியுமா? இங்க யாருக்குமே இது என்னன்னு தெரியல."

"தெரியும்க்கா. மூணு வருஷம் இந்த வேலைதான் பார்த்தேன்."

சென்னைக்குத் தெற்கே ஒரு கடற்கரையில், அலைச்சறுக்கு சொல்லிக்கொடுக்கும் இடத்தில் போர்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். சொன்னதும் அவர் பையிலிருந்து ஃபின்களை எடுத்து மேசைமேல் வைத்தார். போர்டின் அடியில் மீன் துடுப்பு மாதிரி நிற்பவை அவை. இணையத்தில் பார்த்து வாங்கியிருக்கிறார். கறுப்பு ஃபைபர், ஓரம் கத்திபோல இருந்தது.

"நடுவுல பெருசா ஒண்ணு மட்டும் போடறதா, இல்ல மூணும் போடறதா? ஒவ்வொருத்தன் ஒவ்வொண்ணு சொல்றான்."

"ஒண்ணு மட்டும் போட்டா நேரா போகும், திருப்பறதுதான் கஷ்டம். மூணு போட்டா திரும்பும்போது பிடிச்சுக்கும். உங்களுக்கு மூணு போதும்க்கா. ஆனா இது வேணாம்."

"ஏன்? இதான் பெஸ்ட்னு போட்டிருந்தான்."

காரணத்தைச் சொன்னேன். அந்தக் கடற்கரையில் ஒருநாள் ரப்பர் ஃபின் கிழிந்துபோய், கைக்குக் கிடைத்த ஃபைபர் ஃபின்னைப் பூட்டிக் கொடுத்தேன். கற்றுக்கொள்ள வந்தவர் விழுந்தார். போர்டு புரண்டு அவர்மேல் வந்தது. தொடையில் பதினோரு தையல். அவர் பிழைத்துக்கொண்டார், யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் நீர் சிவந்ததை நான் கரையிலிருந்து பார்த்தேன். மறுநாள் பஸ் ஏறிவிட்டேன்.

அக்கா அலைச்சறுக்கில் ஆறு பாடம் மட்டுமே கற்றவர். இந்த முறைதான் சொந்தப் போர்டில், சொல்லிக்கொடுப்பவர் பக்கத்தில் இல்லாமல் முதன்முதலாகத் தனியே இறங்கப் போகிறார். அது எனக்குப் பிடிக்கவில்லை. என் மூட்டையில் ரப்பர் ஓரம் வைத்த மூன்று ஃபின்கள் இருந்தன, அந்தக் கடற்கரையிலிருந்து தூக்கிக்கொண்டே அலைந்தவை. அவற்றைப் போடுவதாகச் சொன்னேன். சரி என்றார்.

விரிசலை ஒட்டி, இரண்டு நாள் காயவிட்டு, ஃபின்களைப் பூட்டினேன். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வந்து எடுத்துக்கொண்டு போனார். மாலை ஆறு மணிக்குக் கடலுள்ள ஊருக்கு விமானம்.

மூன்று மணி வாக்கில் பம்பர் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பட்டறை வாசல் வழியாக வெயில் நுழைந்து, நான் போர்டைக் கவிழ்த்து வைத்திருந்த இடத்தில் அதன் மூக்கு, அதாவது முன்முனை, இருந்த பக்கமாக விழுந்தது. வாசல் மேற்கு. உப்புத்தாளை அப்படியே போட்டுவிட்டேன்.

ஓரத்து ஃபின்கள் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்றல்ல. ஒரு முகம் தட்டை, மறுமுகம் புடைப்பு. தட்டை முகம் எப்போதும் உள்பக்கம் பார்க்க வேண்டும். நாங்கள் அங்கே இடது, வலது என்று சொல்வதில்லை. போர்டைக் கவிழ்த்தால் கை மாறிக் குழம்பும். மூக்கைக் கடலைப் பார்க்க, அதாவது கிழக்கே, வைத்துவிட்டு, படகுக்காரர்கள்போல வடக்குப் பக்கம், தெற்குப் பக்கம் என்போம். ஃபின்னிலேயே ‘வ’, ‘தெ’ என்று எழுதியிருப்போம். எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் திசை பார்த்துக்கொள்வேன். பட்டறையில் கம்ப்ரசர் இருப்பது வடக்குச் சுவரில். ‘வ’ ஃபின்னைக் கம்ப்ரசர் பக்கம் பூட்டினேன். மூக்கோ மேற்கே, வாசலைப் பார்த்துக் கிடந்தது. இரண்டும் இடம் மாறிவிட்டன. அப்படிப் பூட்டினால் போர்டு நீரில் இழுக்கும், திரும்பும்போது ஆளைத் தூக்கி எறியும். தூக்கி எறிந்த பிறகு என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும்.

நான்கு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. ரசீதில் இருந்த முகவரியைப் பார்த்து, ஃபின்னைத் திருகும் அலன் கீயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மெட்ரோவுக்கு ஓடினேன். துவாரகா வரை உட்கார இடமிருந்தும் கதவருகிலேயே நின்றேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கதவு மூடத் தாமதமாவதுபோல் இருந்தது. உள்ளங்கை வியர்வையில் கீ வழுக்கியது.

குடியிருப்பு வாசலில் காவலாளி விடவில்லை. வீட்டுக்குப் போன் செய்து என் பெயரைத் தப்பாகச் சொன்னார். அதற்குள் அக்காவே போர்டுப் பையை இழுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டார், டாக்ஸிக்காக.

"அரே, நீ இங்க என்ன பண்றே?"

"அக்கா, ஒரு தப்பு பண்ணிட்டேன். பையத் திறங்க."

"டாக்ஸி வந்துட்டே இருக்கு பையா!"

"வரட்டும்க்கா."

வாசல் தரையிலேயே போர்டைக் கவிழ்த்தேன். காவலாளி குனிந்து பார்த்து, "இது என்ன, விமானத்தோட இறக்கையா?" என்று இந்தியில் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. மூன்று முறை வைத்தும் கீ திருகுத் துளைக்குள் போகவேயில்லை. அக்கா அதைக் கவனித்தார்.

"வீடியோல இருக்கறவன் ரெண்டு நிமிஷத்துல போடறான். நீ மூணு வருஷம் கடல்ல இருந்தவன்!"

"கடல்ல இல்லக்கா. கரையில."

அவர் கீயை என் கையிலிருந்து வாங்கினார். "சொல்லு, நான் போடறேன்."

அது எனக்குத் தோன்றவே இல்லை. தட்டை முகத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். எழுத்தையும் திசையையும் மறந்துவிட்டு, தட்டை உள்ளே, புடைப்பு வெளியே என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். கழற்றினார், மாற்றினார், முறுக்கினார். மறுபடி ஒருமுறை கழற்றிப் பூட்ட வைத்தேன். டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். "ஏக் மினிட்!" என்று அக்கா அவரை அதட்டினார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஒரு படம் வந்தது. மணலில் போர்டு கவிழ்ந்து கிடந்தது. கீழே, "சரியா?" என்று ஆங்கில எழுத்தில் கேட்டிருந்தார். பெரிதாக்கி, ஒரு ஃபின்னைப் பார்த்து, மற்றதைப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். சரி என்று அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான், என் சொல்லை நம்பி அவர் இப்போது இறங்குகிறார் என்பது உறைத்தது.

அன்று பட்டறை விடுமுறை. டீக்கடைக்குக்கூடப் போகவில்லை. பதினொன்றே காலுக்குக் குரல் பதிவு வந்தது. திறக்கப் பயந்து கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். மூச்சு வாங்க அவர் குரல்: "எட்டு தடவ விழுந்தேன் பையா. ரெண்டு தடவ போர்டு தலையிலயே வந்து மோதிச்சு. வீங்கியிருக்கு, அவ்வளவுதான். வெட்டல."

அதை மூன்று முறை கேட்டேன். பிறகு போய் டீ குடித்தேன்.