ஊர்காவற்றுறை விடுதியின் சூடேறாத போறணை

அரசாங்கப் பொருள் ஒன்று பழுதானால், பொறுப்பிலுள்ளவர் அதைக் கழற்றவோ கவிழ்க்கவோ கூடாது. குறையை மூன்று பிரதிகளில் எழுதி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு மறுமொழி வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அந்நாளைய விதி. அதை நினைக்கும்போதெல்லாம் மண்ணெண்ணெயும் கருகிய சாணமும் கலந்த ஒரு மணம் எனக்கு மூக்கில் ஏறுகிறது.

என் தகப்பனார், ஐயா, ஊர்காவற்றுறை இறங்குதுறைக்கு அருகிலிருந்த அரசாங்க விடுதியில் தற்காலிகப் பொறுப்பாளராக இருந்தார். நிரந்தரமாக்கினால் விடுதியின் பின்புறத்து வீட்டில் நாங்கள் தொடர்ந்து இருக்கலாம், நானும் பக்கத்துக் கன்னியர் பள்ளிக்கூடத்தில் தொடர்ந்து படிக்கலாம். ஆக்காவிட்டால் நெடுந்தீவுக்குத் திரும்ப வேண்டும்; அங்கே எங்கள் குறிச்சியில் ஐந்தாம் வகுப்போடு பெண்பிள்ளைகளின் படிப்பு முடிந்துவிடும். நான் அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். விடுதியைப் பார்வையிட ஒரு துரை வருவார், அவர் எழுதுவதைப் பொறுத்தே எல்லாம் என்று சொல்லியிருந்தார்கள்.

துரைமாருக்குக் கோழி வாட்டவும் பாண் சுடவும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு வந்திருந்தது. கதவு வைத்த இரும்புப் பெட்டி, அதற்குக் கீழே இரண்டு திரிகள். காகிதத்தில் அதற்கு நீண்ட பெயர் இருந்தது. அம்மாவுக்கு அது "இரும்புப் போறணை". முன்பிருந்த பொறுப்பாளர் அதில் மாட்டிறைச்சி வாட்டியவர் என்று கேள்விப்பட்ட அன்றே அம்மா, "சாணி போட்டு மெழுகாமல் உந்த இரும்பைத் தொடமாட்டன்" என்று சொல்லிவிட்டார். மண் அடுப்பை வெள்ளிக்கிழமை தோறும் மெழுகும் கை, அதே சட்டிச் சாணத்தோடு போறணையின் அடிப்பக்கத்தையும் சுற்றி வந்தது.

முதல் மாதம் அது நன்றாகச் சுட்டது. பிறகு சூடு குறைந்து, கடைசியில் உள்ளே கையை வைத்தால் காய்ச்சல்காரனின் நெற்றி அளவுக்குத்தான் இருந்தது. அடுப்போடு வந்த ஆங்கிலக் கைந்நூலை ஐயா கதிரையில் விரித்துவைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். எண்ணெய் தெளிவா, திரி மட்டமா, பெட்டி சரியாமல் நிற்கிறதா, கதவு இறுக மூடுகிறதா: எல்லாம் சரி. சுவாலை மாத்திரம் மஞ்சளாகச் சோம்பிக்கிடந்தது. கைந்நூலை எழுதியவர் எங்கள் வெள்ளிக்கிழமைகளை அறியாதவர். கவிழ்த்துப் பார்க்க விதி இடம் தராதபடியால் ஐயா மூன்று பிரதி எழுதி அனுப்பினார்.

மறுமொழி வரவில்லை. தபால்காரர் சவிரிமுத்தர் படலை வாசலில் சைக்கிளை நிறுத்தாமலே, "கீப்பர் ஐயா, உங்கட அடுப்புக்குக் கவர்ன்மேந்து இன்னும் நெருப்புப் பத்தவைக்கேல்லை" என்று சொல்லிப் போவார். ஐயா சிரிப்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வார். இரவுச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்புவார்.

மறுமொழிக்கு முந்தித் துரை வந்துவிட்டார். வாட்டிய கோழி வேண்டும் என்றார். ஐயா போறணையைப் பற்றவைத்துவிட்டு அதன் கதவைத் திறந்து திறந்து பார்த்தார். கோழி வெளிறியபடியே கிடந்தது. அம்மா அதை எடுத்து மண்சட்டியில் வைத்து, மூடிக்கு மேலேயும் சட்டிக்குக் கீழேயும் சிரட்டைத் தணல் போட்டார். துரை எலும்புவரை சாப்பிட்டார். போகும்போது, விடுதியின் அடுப்பு மிகச் சிறப்பாக வேலை செய்கிறது என்று எழுதிவிட்டுப் போனார்.

அதை வாசித்த ஐயாவின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

"நல்லாத்தானே எழுதியிருக்கிறார்?" என்றார் அம்மா.

"அடுப்புச் சுடேல்லை எண்டு நான் எழுதியிருக்கிறன். நல்லாச் சுடுது எண்டு அவர் எழுதியிருக்கிறார். இரண்டும் ஒரே மேசைக்குத்தான் போகும். ஒருவர் பொய்யர் எண்டால், அது துரையா இருக்க ஏலாது."

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா மெழுகும்போது காய்ந்த சாணம் ஒரு பாளமாகக் கழன்று விழுந்தது. அதன் பின்னே வரிசையாகச் சிறு துவாரங்கள்.

"நீர் இதையோ இவ்வளவு நாளும் மெழுகினனீர்? காத்துப் போற ஓட்டையெல்லே?" என்றார் ஐயா.

"எலி அரிச்சதாக்கும் எண்டு நினைச்சனான்."

"இரும்பை எந்த எலி அரிக்கும்?"

"கவர்ன்மேந்து இரும்புதானே."

துவாரங்களைத் துடைத்துப் பற்றவைத்தபோது சுவாலை நீலமாக எழுந்தது; பாண் முதுகு சிவக்க வெந்தது. ஆனால் இப்போது ஐயாவின் முறைப்பாடு உண்மையிலேயே பொய்யாகிவிட்டது. அதைத் திரும்பப் பெறுவதானால் காரணம் எழுத வேண்டும். சாணத்தை மேலிடத்து ஆங்கிலத்தில் மரியாதையாக எழுத ஐயாவால் முடியவில்லை. ஆகவே எழுதாமலே இருந்தார். சைக்கிள் மணி கேட்டால் அம்மா விளக்குமாற்றை நிறுத்துவார். கன்னியர் பள்ளிக்கூடத்துத் தலைமைக் கன்னியாஸ்திரியார் அடுத்த தவணைக்கு நான் வருவேனா என்று இரண்டுதரம் கேட்டார். இரண்டுதரமும் எனக்கு இருமல் வந்தது.

நானும் பின்னாளில் அரச அலுவலகங்களில் மறுமொழி எழுதியே ஓய்வுபெற்றேன். என் குசினியில் இப்போது நிற்பது காஸ் அடுப்பு. சூடு குறைந்தால் முகவரை அழைக்கச் சொல்கிறது அதன் கைந்நூல். நான் முதலில் துவாரங்களைப் பார்க்கிறேன். அந்த விடுதி இல்லை, போறணை எந்த இரும்புக் குவியலுக்குப் போயிற்றோ தெரியாது, ஐயாவும் அம்மாவும் இல்லை. அடுப்பைப் பற்றி மேலிடம் கடைசிவரை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

ஆனால் மறுமொழி வந்தது. ஐயா அதை நின்றபடியே வாசித்தார், பிறகு இருந்து வாசித்தார், பிறகு எங்களுக்குத் தமிழில் சொன்னார்: அரசாங்கப் பொருள் பற்றி முறைப்பாடு செய்யும் உரிமை நிரந்தர உத்தியோகத்தருக்கே உண்டு; தற்காலிகமானவர் செய்த முறைப்பாடு தவறுதலாகப் பதியப்பட்டுவிட்டது; பதிந்ததை நீக்க வழியில்லாமையால், அதை ஒழுங்குபடுத்தும் பொருட்டு, முறைப்பாட்டுத் திகதியிலிருந்து அவர் நிரந்தரமாக்கப்படுகிறார்.

அன்று, இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய வருடத்தின் மார்கழி பத்தொன்பதாம் திகதி.