இரண்டு மில்லிமீட்டர்

எங்கள் பொறியியல் பீடத்தின் கைநூலில் ஒவ்வொரு விரிவுரையாளருக்கும் அரைப் பக்கம் உண்டு. பெயர், எங்கே படித்தார், என்ன பட்டம், எதில் ஆய்வு ஆர்வம். என்னுடைய அரைப் பக்கத்தில் 'றலியா முஹைதீன், ஜப்பானில் கலாநிதிப் பட்டம், புற்களின் ஊடாக ஓடும் நீர்' என்று அச்சாகியிருக்கும். அதை வாசித்துக் காட்டியபோது எங்கள் ஊரான அலவத்துகொடையில் என் உம்மா, "இதுக்கா நீ அஞ்சு வருஷம் ஜப்பான்ல ஈந்த? நம்மட வயல் வாய்க்கால்லயும் புல்லுதானே ஈக்கி?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், எனக்குத்தான் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வர அதிக நேரம் பிடிக்காது.

முத்துலிங்கம் அண்ணனுக்கு அந்தக் கைநூலில் ஒரு வரிகூட இல்லை. அவர் நீரியல் ஆய்வுகூடத்தின் உதவியாளர். ஆனால் தண்ணீரில் ஆர்வம் என்று அதில் பெயர் போட்டுக்கொண்ட அத்தனை பேருடைய ஆர்வமும் அவருடைய வலது கண் வழியாகத்தான் போயிருக்கிறது. இது நான் தாமதமாகத் தெரிந்துகொண்ட விஷயம்.

ஆய்வுகூடத்தின் நடுவில் கண்ணாடிச் சுவர் வைத்த நீளமான கால்வாய் ஒன்று இருக்கிறது. ஒரு முனையில் பம்ப் தண்ணீரை ஏற்றும். மறுமுனையில் ஒரு பித்தளைத் தகட்டைத் தாண்டித் தண்ணீர் விழும். தகட்டின் விளிம்புக்கு மேல் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று தெரிந்தால், நொடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று கணக்கிட்டுவிடலாம். அந்த உயரத்தை அளக்க ஓர் ஊசி. அதைத் திருகி மெல்ல மெல்லக் கீழே இறக்க வேண்டும். இறக்கும்போது தண்ணீருக்குள்ளிருந்து இன்னோர் ஊசி மேலே ஏறி வரும், அதன் பிம்பம். இரண்டு முனைகளும் தொடும்போது கையை நிறுத்தி, பக்கத்தில் உள்ள அளவைப் படிக்க வேண்டும்.

"அவன் கீழேருந்து வருவான், நான் மேலேருந்து போவேன் மிஸ். ரெண்டு பேரும் ஒரு நாளும் சண்ட போட்டதில்ல" என்பார் முத்துலிங்கம் அண்ணன்.

அந்த ஆய்வுகூடத்துப் பிற்பகல்கள் எனக்கு இப்போதும் கனவில் வருகின்றன. மூன்று மணியளவில் மலையிலிருந்து பனி இறங்கி ஜன்னல்களை மூடிவிடும். உள்ளே ஒரு மங்கலான பச்சை வெளிச்சம். பம்ப் ஒரே சுதியில் முனகிக்கொண்டிருக்கும். நான் கால்வாயில் நட்டிருந்த புற்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் சாயும், பிறகு நினைத்துக்கொண்டு நிமிரும், மறுபடி சாயும். கம்பளைப் பக்கம் போகும் ரயில் எங்கோ ஒருமுறை கூவும். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியை இறக்குவார். "முப்பத்தி நாலு" என்பார். நான் எழுதிக்கொள்வேன். நாங்களும் அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறோமோ என்று சில வேளை எனக்குச் சந்தேகமாக இருக்கும்.

அவர் ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்துக்காரர். எழுபத்திரண்டில் இந்த ஆய்வுகூடத்துக்கு மணல் சுமக்க வந்தவர். அப்போது இருபத்து நான்கு வயது, வீட்டில் மனைவி வீரம்மாவும் ஒரு கைக்குழந்தையும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படிப்பு. பிரஜாவுரிமை இல்லை. பிறந்தது இந்த மலையில்தான், ஆனால் இந்த நாட்டுக்காரர் என்று காட்ட ஒரு காகிதம் கிடையாது. அந்தக் காலத்தில் தோட்டங்களில் லட்சக்கணக்கானோர் நிலைமை அதுதான். காகிதம் இல்லாதவருக்கு நிரந்தர வேலையும் இல்லை.

அவரைக் கூப்பிட்டு ஊசியைக் காட்டியவர் பேராசிரியர் சுந்தரலிங்கம். யாழ்ப்பாணத்தவர், லண்டனில் படித்தவர், ஆய்வு ஆர்வம் தகட்டைத் தாண்டி விழும் நீர். முதல் வாரம் முத்துலிங்கம் எடுத்த அளவுகள் புத்தகத்துச் சூத்திரத்தோடு ஒத்துவரவில்லை. பேராசிரியர் கால்வாயின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருந்தாராம். ஒரு பின்னேரம் பம்பை நிறுத்தி எல்லோரும் போன பிறகு, முத்துலிங்கம் மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் வடிந்து, தகட்டின் விளிம்பு மட்டத்துக்கு வந்து நின்றது. ஒரு சொட்டுக்கூட விழவில்லை. அப்போது ஊசி பூச்சியத்தைக் காட்ட வேண்டும். அது பூச்சியத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே காட்டியது.

ஊசியைப் பொருத்தியவர் பேராசிரியர், தன் கையாலேயே. 'சேர், நீங்கள் பொருத்தியது பிழை' என்று சொல்ல, காகிதம் இல்லாத ஒரு மணல் சுமப்பவருக்கு எவ்வளவு பெரிய வாய் வேண்டும்? அவர் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து ஒவ்வோர் அளவுக்கும் மனதுக்குள் இரண்டைக் கூட்டிச் சொன்னார். புள்ளிகள் எல்லாம் சூத்திரத்துக் கோட்டில் போய் உட்கார்ந்தன.

"உன்ரை கண் நல்ல கண்ணடா தம்பி. நாளைக்கும் வா" என்றாராம் பேராசிரியர்.

அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். அளவெடுக்க இந்த ஆளின் கண்தான் வேண்டும், வேறு யாரும் சரிவர மாட்டார்கள் என்று. ஒவ்வொரு கடிதத்துக்கும் இன்னோர் ஆறு மாத வேலை கிடைத்தது. எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு பேராசிரியர் கனடா போய் அங்கேயே காலமானார். அடுத்து வந்தவர் ஒல்லாந்தில் படித்தவர், ஆர்வம் ஆற்று மணல். கால்வாயில் மணல் கொட்டினார்கள். கடிதம் எழுதும் வழக்கத்தை அவரும் விடவில்லை, முத்துலிங்கம் அண்ணனும் இரண்டைக் கூட்டுவதை விடவில்லை. எண்பத்தெட்டில் சட்டம் வந்து பிரஜாவுரிமை கிடைத்த பிறகுதான் வேலை நிரந்தரமானது. அதற்குள் கூட்டுவது பழகிப்போய், ஊசியைப் பார்த்தால் கூட்டிய எண்ணே கண்ணுக்குத் தெரியுமளவுக்கு வந்துவிட்டது.

இதில் எதுவும் எனக்குத் தெரியாது. நான் இரண்டாயிரத்து ஐந்தில் வேலைக்கு வந்தேன். வேலை தொடங்குமுன் கருவியின் பூச்சியத்தைப் பார் என்பது ஜப்பானில் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். சித்திரை வருடப் பிறப்புக்கு முத்துலிங்கம் அண்ணன் ஊருக்குப் போயிருந்த வாரத்தில் பார்த்தேன். இரண்டு மில்லிமீட்டர் பிழை. "முப்பது வருஷமா ஒத்தரும் இதப் பார்க்கல்லயா?" என்று பட்டறையில் வேலை செய்யும் அஸீமிடம் கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார். ஊசியைக் கழற்றிச் சரியாகப் பொருத்தித் தந்தார்.

விடுமுறை முடிந்து முத்துலிங்கம் அண்ணன் எனக்கு முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்து தந்தார். சாப்பிட்டேன். ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறைக்க நினைத்தேன் என்றில்லை. ஓர் உதவியாளரிடம் சொல்ல வேண்டிய விஷயமாக எனக்குத் தோன்றவே இல்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மேயிலும் ஜூனிலும் நூற்று நாற்பது அளவுகள் எடுத்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஓர் அதிசயம். புற்களின் ஊடாக, எந்தப் புத்தகத்தில் சொன்னதைவிடவும் அதிகமான தண்ணீர் ஓடியது. புல் தண்ணீரைத் தடுக்கவில்லை, ஏதோ ஒரு விதத்தில் வழிவிடுகிறது. இது உண்மையென்றால் உலகத்தில் எல்லா வாய்க்கால்களையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். அந்த நாட்களில் பஸ்ஸில் அலவத்துகொடைக்குப் போகும்போது எந்த நிறுத்தம் வந்தது, யார் ஏறினார்கள் என்று எனக்குத் தெரியாது. எல்லா வயல்களும் எனக்காகவே சாய்ந்து வழிவிடுவதாக இருந்தது. வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓரத்தில் கால்களைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் வரை உட்கார்ந்திருப்பேன். உம்மா வந்து தலையில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்துவிட்டுப் போனார்.

ஜூலை கடைசியில் கட்டுரையை ஜப்பானில் நடக்கும் மாநாட்டுக்கு அனுப்ப வேண்டும். அது ஏற்கப்பட்டால் அந்த வருடமே எனக்கு நிரந்தர நியமனம். கண்டுபிடித்ததை முத்துலிங்கம் அண்ணனிடமும் சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை, கால்வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க மிஸ். தண்ணி அப்புடிப் போகாதே."

"தண்ணி எப்புடிப் போகும்னு கருவி செல்லும் அண்ணன். நாம செல்லத் தேவல்ல" என்றேன்.

கட்டுரையை அனுப்ப வேண்டிய நாள் காலையில் என் அறைக் கதவருகே வந்து நின்றார். நீலச் சட்டையில் ஒரு பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"நேத்து எல்லாரும் போன பொறகு பம்ப நிப்பாட்டிட்டு பாத்தேன் மிஸ். ஊசி பூச்சியம் காட்டுது."

"காட்டத்தானே வேணும்?"

"அது ரெண்டு கீழதான் காட்டும் மிஸ். எழுபத்திரண்டுலேருந்து அப்புடித்தான். நான் ரெண்டு கூட்டித்தான் சொல்லுவேன். உங்களுக்கும் கூட்டித்தான் சொன்னேன்."

எனக்குப் புரியச் சிறிது நேரமானது. நான் ஊசியைச் சரிசெய்த பிறகு எடுத்த நூற்று நாற்பது அளவிலும் இரண்டு மில்லிமீட்டர் கூடுதல். அதைக் கழித்தால் புல் தண்ணீரை, புத்தகம் சொன்னபடியே, வழக்கம்போலத் தடுத்துக்கொண்டிருந்தது. என்னுடைய கண்டுபிடிப்பு முழுவதும் அந்த இரண்டு மில்லிமீட்டர்தான்.

"ஆரு ஒங்கள கூட்டச் சொன்ன?" என்று நான் கத்தியது கீழ்மாடிக்கும் கேட்டிருக்கும். "முப்பத்தி மூணு வருஷம்! ஒத்தர்கிட்டயாவது வாயத் தொறந்து செல்லியிருக்கலாமே!"

"சொன்னா வச்சிருப்பாங்களா மிஸ்? அப்ப காயிதம் இல்லாத ஆளு நானு." தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்க ஊசிய மாத்துனத எங்கிட்ட சொல்லலையே மிஸ்" என்றார்.

கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எவ்வளவு அழுதாலும் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் பேசாமல் இருந்திருக்கலாம். அன்றிலிருந்து கூட்டுவதை நிறுத்தியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கட்டுரை போயிருக்கும், எனக்கு நியமனம் வந்திருக்கும், மூன்று வருடத்தில் அவரும் நல்ல கண் என்ற பெயரோடு ஓய்வு பெற்றிருப்பார். கட்டுரையை நான் அனுப்பவில்லை. நியமனம் ஒரு வருடம் தள்ளிப்போனது.

ஓகஸ்டில், பழைய ஆய்வுகளின் அளவுகளாவது சரியா என்று பார்க்க, களஞ்சியத்திலிருந்து பழைய கொப்பிகளை எடுப்பித்தேன். எல்லாம் சரியாக இருந்தன. பிழையான ஊசி, சரியான எண்கள். பேராசிரியர் சுந்தரலிங்கத்தின் கொப்பியில், எழுபத்து மூன்று மார்ச் மாதப் பக்கத்து ஓரத்தில், பென்சிலால் ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தது: 'முத்துலிங்கம் இரண்டு கூட்டிச் சொல்கிறான். சரிபார்த்தேன். அவன் சொல்வதே சரி. ஊசியைத் தொட வேண்டாம்.'

பேராசிரியருக்குத் தெரிந்திருக்கிறது. ஊசியைச் சரிசெய்தால் யார் கண்ணும் போதும், பிறகு அந்த ஆறு மாதக் கடிதத்தில் எழுத ஒன்றும் இருக்காது. அதனால்தான் தொடவில்லை என்று நான் நினைக்கிறேன். வேறு காரணமும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கணத்தில் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கொப்பியைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன். முத்துலிங்கம் அண்ணனுக்கு இதைவிடச் சந்தோஷமான செய்தி இருக்காது என்று நினைத்தேன்.

தமிழில் சொல்லிக் காட்டினேன். இன்னொருமுறை சொல்லச் சொன்னார். என்ன மாதம், என்ன வருடம் என்று கேட்டார். பிறகு, என் முன்னால் ஒருநாளும் உட்காராதவர், பக்கத்தில் இருந்த கதிரையில் உட்கார்ந்தார்.

"எழுபத்தி மூணா?" விரல்களை மடக்கி எண்ணினார். "அதுக்குப் பொறகு பத்து வருஷம் இங்கதான இருந்தாரு. ஒவ்வொரு ஆறு மாசமும் இந்தத் தடவ கண்டுபுடிச்சிருவாங்கன்னு எனக்கு சோறு எறங்காது மிஸ். வீரம்மாகிட்டகூட சொல்லல. அவருக்குத் தெரிஞ்சிருக்கு. தெரியும்டா, பயப்படாதேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

அவர் கண்கள் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். கொப்பியை மூடினேன். அதைக் கொண்டுவந்திருக்கக் கூடாது என்றும் தோன்றியது, முப்பது வருடத்துக்கு முன்பே யாராவது கொண்டுவந்திருக்க வேண்டும் என்றும் தோன்றியது.

"சித்திரைல ஊசியத் தொட்டது நான்தான் அண்ணன். ஒங்களுக்கு செல்லாம விட்டது என்ட பிழை. மன்னிச்சுக்கோங்க" என்றேன். நான்கு மாதம் பிந்திப்போன வார்த்தை.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் பம்பைப் போட்டார். தண்ணீர் ஏறியது. புற்கள் சாய்ந்தன, நிமிர்ந்தன. வெளியே பனி இறங்கத் தொடங்கியிருந்தது. அவர் மூச்சைப் பிடித்து ஊசியை இறக்கினார். கீழேயிருந்து மற்றவன் ஏறி வந்தான். இரண்டும் தொட்டன.

"முப்பத்தி ரெண்டு" என்றார். நான் பேனாவை எடுப்பதற்குள் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"கூட்டல மிஸ்."

எழுதிக்கொண்டேன்.