இலுப்பூர்ப் பக்கம் ஒரு பெயர்ப் பஞ்சாயத்து

கடந்த தை மாதம் நான் இலுப்பூர்ப் பக்கம் போனது பஞ்சாயத்துப் பேச. என் தங்கை ஜெசிந்தா போன் செய்து, "அண்ணே, ஞாயித்துக்கெழம புள்ளைக்கு ஞானஸ்நானம். பேரு இன்னும் முடிவாகல. நீ வந்து பேசுனாத்தான் ஆகும்" என்றாள். அவள் புருஷன் சிங்கப்பூரில் இருந்துகொண்டு, "நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க" என்று நழுவிவிட்டான். வெளிநாட்டில் இருப்பதில் இப்படியும் ஒரு வசதி.

சிக்கல் இதுதான். அந்த வீட்டில் தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். தாத்தா, அதாவது தங்கையின் மாமனார், பெயர் அருளப்பன். மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக்கூடாது, புருஷன் பெயரை மாமியாரும் சொல்ல மாட்டார். ஆக, பிள்ளையை வளர்க்கப்போகும் இரண்டு பெண்களுமே அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. பெற்ற பிள்ளையைக் காலம் முழுக்க 'தம்பி, தங்கம்' என்றே கூப்பிடுவதா என்று ஜெசிந்தா அழுதாள். அவள் கண்டுபிடித்த வழி 'இவான்'. பைபிளில் வரும் அருளப்பர், யோவான், ஜான், ரஷ்யாவில் இவான், எல்லாம் ஒரே பெயர்தான், மொழிதான் வேறு. மாமனார் ஒப்பவில்லை. தன் பெயர் இல்லையென்றால் கோயிலுக்கே வர மாட்டேன் என்றுவிட்டார்.

திருச்சியில் காலை ஏழு மணிக்கு மதுரை பஸ் ஏறினேன். விராலிமலையில் நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள், சில பஸ்கள் நிற்பதில்லை. முக்கால் மணி நேரத்தில் விராலிமலை. அங்கிருந்து இலுப்பூருக்குப் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். இலுப்பூரிலிருந்து தங்கை ஊருக்கு ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய். பேரம் பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை.

ஆட்டோ ஓட்டிய பாய், நான் வந்த விஷயத்தைக் கேட்டார். சொன்னேன். "நீங்க அருளப்பர்னு சொல்றவரு எங்களுக்கு யஹ்யா நபிங்க. எம்பயலுக்கு அந்தப் பேருதான்" என்றார். பஞ்சாயத்துக்கு உதவுமே என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

அருளப்பன் மாமா கொல்லையில் மோட்டார் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார். "வாங்க மாப்ள. ரஷ்யாக்காரன் பேர எம்பேருன்னு சொல்லி ஏமாத்தத்தான வந்தீங்க?" என்றார். ஜான், யோவான் எதற்கும் மசியவில்லை. கடைசியில் ஆட்டோ பாய் மகன் யஹ்யாவைச் சொன்னேன்.

"யாரு, ஸ்டாண்டுல நிக்கிற நம்ம பாயா? அவரு மகனுக்கும் எம்பேருதானா?" ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப அங்கிட்டு இங்கிட்டு எல்லாப் பக்கமும் எம்பேருதான் சுத்துது. சரி, இவானே இருக்கட்டும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குள் வந்தால் காபியோடு அத்தை, அதாவது தங்கையின் மாமியார், நின்றிருந்தார். "அதுவும் அவுக பேருதானா தம்பி?"

"அசல் மாமா பேருதான் அத்தை."

"அப்ப நான் எப்படி வாயால சொல்லுவேன்? வேத்துப் பேருன்னு நெனச்சுல்ல பத்து நாளா இவான் இவான்னு கொஞ்சிக்கிட்டு இருந்தேன்."

ஜெசிந்தா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. ஒருவரைச் சம்மதிக்க வைக்கப் போய் இன்னொருவர் வாயை அடைத்துவிட்டேன். அன்று முழுக்க அத்தை பிள்ளையைத் தூக்கினார், குளிப்பாட்டினார், பெயர் மட்டும் சொல்லவில்லை.

இந்தப் பக்கம் போகிறவர்கள் தை, மாசியில் போங்கள், தாங்குகிற வெயில்தான் இருக்கும். ஊருக்குள் சாப்பாட்டுக் கடை கிடையாது, இலுப்பூரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். பெயர் வைக்கப்போகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். தாத்தாவிடம் மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள், தினமும் கூப்பிடப்போகிறவரையும் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா கோயிலுக்கு வந்தார். சாமியார் தண்ணீர் ஊற்றி 'இவான்' என்றபோது முதல் வரிசையில் நிமிர்ந்து நின்றார். வீடு திரும்பியதும் மனைவியிடம், "எம்பேருதான? நாந்தான் சொல்றேன்ல, கூப்புடு" என்றார்.

கல்யாணம் ஆனதிலிருந்து அவரை 'ஏங்க' என்று மட்டுமே கூப்பிட்ட அத்தை தொட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். யாரையும் பார்க்கவில்லை. குனிந்து, மெதுவாக, "இவான்" என்றார்.

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"ம், சொல்லு" என்றார் மாமா.