வலித்த இடத்தில் கட்டிய காப்பு

போர்ட் பிளேயருக்கு வெளியே, சிப்பிகாட்டில் எங்கள் டிபன் கடைச் சட்னிக்குத் தேங்காய் துருவுவது என் வேலை. துருவித் துருவி, வலது கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டு ஓரமாக ஒரு வலி வந்து உட்கார்ந்துகொண்டது. தோசையைத் திருப்பினால் உயிர் போகும். நான் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் முருகனிடம் போனேன். பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிறேன், கையைச் சரியாக்கு என்று வேண்டிக்கொண்டேன்.

காப்புக் கட்டும் அன்று பூசாரியிடம், "சாமி, மஞ்சக் கிழங்கு சரியா வலிக்கிற எடத்துல வரட்டும். நல்லா இறுக்கிக் கட்டுங்க. முருகன் எடம் தெரியாம வேற எங்கயாவது கை வச்சிரப் போறான்" என்றேன். அவரும் இறுக்கினார்.

முருகன் இடத்தைச் சரியாகத்தான் கண்டுபிடித்தான். மணிக்கட்டு கொழுக்கட்டையாக வீங்கியது. சூடான டீ டம்ளர் கை நழுவி ஒரு கஸ்டமரின் மடியில் விழுந்த அன்று, மனைவி என்னைப் போர்ட் பிளேயர் பஸ்ஸில் ஏற்றினாள்.

டாக்டரம்மா வங்காளி. கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடச் சொல்லி, சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்தார். நான் போட்ட சத்தத்தில் வெளியே ஒரு குழந்தை அழுதது. கட்டைவிரலை இழுக்கும் நாண் ஓடுகிற உறை வீங்கியிருக்கிறது, அங்கேயே ஊசி போட்டு, விரல் அசையாமல் இருக்கப் பட்டை மாட்ட வேண்டும் என்றார்.

"பெஹ்லே யே தாகா காட்னா படேகா" என்றார். முதலில் இந்தக் கயிற்றை வெட்டணுமாம். கத்தரியை எடுத்தார்.

கையை இழுத்துக்கொண்டேன். "நஹி மேடம், மன்னத் ஹை!" என்று வேண்டுதலைச் சொன்னேன்.

காப்புக் கயிற்றை அறுத்தால் விரதம் போச்சு. அறுக்காவிட்டால் கை போச்சு. கை போனபின் காவடியை எதைக்கொண்டு பிடிப்பது?

"வீட்டப் பூட்டி சாவிய கடல்ல போட்டுட்டு வந்து நிக்கிறாரு பாருங்க" என்று மனைவி, தமிழ் தெரியாத டாக்டரிடம் முறையிட்டுவிட்டுப் பூசாரிக்குப் போன் போட்டு என் காதில் வைத்தாள்.

"அறுக்காத. அவுத்து இடது கையில கட்டு" என்றார் பூசாரி.

"இடது கை பொம்பளைங்களுக்கு ஆச்சே சாமி?"

"அப்ப முருகனே வந்து ஊசி போடட்டும், உக்காந்திரு. எனக்குப் பூசைக்கு நேரமாச்சு."

மஞ்சள் தண்ணீரில் நனைந்து காய்ந்த முடிச்சு அவிழ்வேனா என்றது. மனைவி பல்லால் கடித்து இழுத்தாள். டாக்டர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. ஊசி இறங்கியபோது "முருகா!" என்று அலறினேன். "புலாவோ, புலாவோ" என்று உற்சாகப்படுத்தினார், கூப்பிட்டால் வந்து பிடித்துக்கொள்வான் என்பதைப் போல.

உத்திரம் வரை கடையில் தேங்காய்ச் சட்னி கிடையாது, தக்காளிதான் என்று மனைவி சொல்லிவிட்டாள். அதற்காக ஒருவரும் வருத்தப்படவில்லை. எனக்குத்தான் கொஞ்சம் சங்கடம்.

வலி இறங்கியது. உத்திரத்தன்று காவடியைத் தோளில் ஏற்றினேன். பால்குடக்காரப் பெண்கள் என் இடது கையைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, எங்க வரிசைக்கு வந்துட்டீங்களா?" என்று கிண்டலடித்தார்கள்.  கோயில்வரை கை விடவில்லை.

காவடியை இறக்கிவைத்துக் கும்பிட்டேன். பட்டை மாட்டியிருந்ததால் வலது கட்டைவிரல் மட்டும் சேராமல், முருகனுக்கே சபாஷ் போடுவது போல விறைத்து நின்றது. பூசாரி முறைத்தார். மடக்கிப் பார்த்தேன், பட்டை விடவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய அப்படியே நின்றேன். அவன் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டான்.