இருவர் ஏறினால் கத்தும் சில்லு

திருத்திக் கொடுத்த சைக்கிள் அதே முறைப்பாட்டோடு திரும்பி வருவதுபோல மானக்கேடு எங்கள் தொழிலில் வேறில்லை. அன்று வந்தது சாதாரண சைக்கிளும் அல்ல. இரண்டு சீற், இரண்டு சோடிப் பெடல் வைத்த நீட்டுச் சைக்கிள். வெள்ளவத்தையில் இத்தனை காலம் கடை வைத்திருந்தும் அப்படியொன்றில் நான் கை வைத்ததில்லை. அதன் சொந்தக்காரர் நிரோஷன் அதை முதன்முதலாக உருட்டிக்கொண்டு வந்தபோதே எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

உருளும்போது பின்சில்லு கிறீச் கிறீச் என்று கத்துகிறது என்றார். கடற்கரையோரக் கடைக்காரனான எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பதில், உப்புக்காற்று. ஹப்பைக் கழற்றி, பேரிங் கழுவி, கிறீஸ் போட்டு, ஸ்டாண்டில் வைத்துச் சுற்றிக் காட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. மறுநாளே திரும்பி வந்துவிட்டார்.

இம்முறை மனைவி தர்ஷினியும் கூட வந்திருந்தார். நோயொன்றில் பார்வையை இழந்தவர். அதற்கு முதல் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வந்தவராம். அவரை மறுபடி ஏற்றத்தான் நிரோஷன் இதை வாங்கியிருக்கிறார்.

"அண்ணை, ரெண்டு பேரும் ஏறினா மட்டும்தான் கத்துது. இவ பயந்து இறங்கிட்டா," என்றார் நிரோஷன்.

"சில்லு உடையப்போற மாதிரிக் கிடக்கு," என்றார் தர்ஷினி. "இந்த முறையும் சரிவராட்டி வித்துப்போடுங்கோ. நான் இனி ஏறமாட்டன்."

நிரோஷனின் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. தர்ஷினியைக் கடை வாசலில் கதிரை போட்டு இருத்தினேன். "தம்பி, நீங்க முன்னுக்கு ஏறுங்கோ, நான் பின்னுக்கு," என்று ஏறிக் கண்ணையும் மூடிக்கொண்டேன்.

பின் சீற்றில் பிரேக் இல்லை. பிடித்திருக்கும் ஹாண்டிலும் திரும்பாது. கண்ணும் இல்லாவிட்டால் காது மட்டும்தான் மிச்சம். அந்தக் கிறீச் நேரே முதுகெலும்பில் ஏறியது. எனக்கே இறங்கிவிடலாம் போலிருந்தது. பக்கத்தில் வந்த முச்சக்கரவண்டிக்காரர், "அண்ணே, நித்திரையா?" என்று சிங்களத்தில் கேட்டுவிட்டுப் போனார்.

"உழக்காதேங்கோ தம்பி, சும்மா உருள விடுங்கோ," என்றேன். அப்போதும் கத்தியது. அப்படியானால் செயினும் இல்லை, பெடலும் இல்லை, சில்லேதான். பாரம் ஏறும்போது சில்லில் அசைந்து கொடுப்பவை ஆரக்கம்பிகள். பிடிபட்டுவிட்டது என்று மனம் துள்ளியது. கடைவரை போகப் பொறுமையில்லை. சைக்கிளை நிறுத்தச் சொல்லி, கடற்கரை வீதியான மரைன் டிரைவ் நடைபாதையிலேயே குந்தி, கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து நெரித்தேன். கிறீச். ஒரு கம்பி மற்றதைத் தொடும் இடங்களிலெல்லாம் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது.

"இது என்ன தம்பி?"

"சந்தனம், அண்ணை. வாங்கின கையோட கோயில்ல பூசை செய்தனாங்கள். ஐயர் சில்லுக்கெல்லாம் பூசினவர். தேசிக்காயைச் சில்லுக்குக் கீழ வைச்சம், சைக்கிள் பாரம் காணாது, நசுங்கேல்லை. அம்மாதான் கையால பிழிஞ்சு கம்பியெல்லாம் விட்டவ."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாகனத்துக்குப் பூசை போடாத ஆட்கள் எங்களில் யார்? லொறிச் சில்லுக்கு ஒரு தேசிக்காய் தூசு. சைக்கிள் கம்பியில் எலுமிச்சைப் புளி பட்டுத் துருவேறி, சந்தனமும் சேர்ந்து இறுகினால் அது கத்தாமல் என்ன செய்யும்?

கடைக்கு வந்து மண்ணெண்ணெய்த் துணியை எடுத்தேன். "துடைச்சா அம்மா ஏசுவா," என்று நிரோஷன் இழுத்தார்.

"ஹாண்டில்ல ஒரு பொட்டு விடுங்கோ. மாமி அதைத்தான் பாப்பா," என்றார் தர்ஷினி.

கம்பிகள் தொடும் இடமெல்லாம் துடைத்து, துருவைச் சுரண்டி, ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டேன். தளர்ந்திருந்த கம்பிகளையும் முறுக்கினேன்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஸ்டாண்டில் சுற்றிப் பார்த்துவிட்டுச் சரி என்று கொடுத்துவிடாதீர்கள். பயந்தவர் இருந்த சீற்றிலேயே ஏறி ஒருமுறை போய்வாருங்கள்.

தர்ஷினி நிரோஷனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நானும் வயதை மறந்து பின்னால் ஓடினேன். நிரோஷன் மெல்ல மெல்ல உழக்கியபடி, "சத்தம் கேக்குதா? பயமாக் கிடக்கா?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

"உங்கட சத்தம் மட்டும்தான் கேக்குது," என்றார் தர்ஷினி. "கதைக்காம வேகமா உழக்குங்கோ."

அதற்கு மேல் என்னால் ஓடிப் பிடிக்க முடியவில்லை.