மணல் இறங்கிய நாள்

மதுரைக்கு மேற்கே வைகையைக் கடக்கும் நெடுஞ்சாலைப் பாலத்தில், திறப்பு விழாத் தேதி பொறித்த கல் ஒன்று இருக்கிறது. தேதிகளில் பிழை பொறுக்காதவள் நான். அந்தக் கல்லில் பிழையில்லை. ஆனால் அந்தக் கான்கிரீட் வளைவு தன் காலில் நின்ற நாள் அதற்குப் பல மாதங்கள் முந்தையது. அதற்குக் கல் எதுவும் இல்லை. அன்று சிறுமியாக நான் அங்கே இருந்தேன்.

அதற்கு முன் இருந்தது தரைப்பாலம். ஆற்றில் தண்ணீர் வந்தால் பஸ் அக்கரையிலேயே நின்றுவிடும். புதிய பாலத்தைக் கட்டிய பொறியாளர்களில் என் அம்மாவும் ஒருவர். நடு வளைவு அவர் பொறுப்பு.

கான்கிரீட் இறுகும்வரை வளைவைச் சாரம் தாங்கியிருந்தது. சாரத்தின் ஒவ்வொரு காலும் மணல் நிரப்பிய இரும்புப் பெட்டியின்மேல் நின்றது. அடைப்பைத் திறந்தால் மணல் மெல்ல வழியும், சாரம் இறங்கும், வளைவு தனியே நிற்கும். நிற்க வேண்டும். கணக்குப் போட்டவர் வளைவுக்கடியில் போய் உட்கார்ந்தால்தான் ஆட்கள் பெட்டியில் கை வைப்பார்கள். அந்த வேலையிடத்து வழக்கம் அது.

அம்மா காதுத் தோட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். "தூசி படும். பத்திரமா வச்சுக்க." பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வளைவுக்கடியில் போனார்.

கரையில் நின்ற சித்தப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை.

"மதினி, குடை ஒண்ணு கொண்டு வாரவா?"

"ரெண்டா கொண்டு வாங்க தம்பி. உங்களுக்கும் சேர் போடச் சொல்றேன்."

ஆட்கள் சிரித்தார்கள். சித்தப்பாவுக்குத் திடீரென்று டீக்கடை நினைவு வந்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் பிடித்திருந்த பிடியில் என் தோள் வலித்தது.

நடுவில் தொடங்கி, இருபுறமும் ஒரே சீராக அடைப்புகளைத் திறந்தார்கள். மணல் வழிந்தது. எங்கோ ஒரு பலகை மளுக்கென்றது. அம்மா அசையவில்லை. சாரத்துக்கும் வளைவுக்கும் நடுவே நூல் கனத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. பிறகு விரல் கனத்துக்கு. அம்புட்டுப் பெரிய வளைவு, எதையும் பிடிக்காமல் ஆற்றின்மேல் நின்றது. இன்றும் லாரிகள் அதன்மேல் போகும்போது எனக்கு அந்த வெளிச்சம்தான் தெரிகிறது.

"நின்னுருச்சு மேடம். எந்திரிங்க," என்றார் மேஸ்திரி.

"இருங்கண்ணே, இன்னுங் கொஞ்ச நேரம் உக்காந்துக்கிறேன்."

அம்மாவுக்கு அந்த நிழல் பிடித்துப்போய்விட்டது போலும் என்று நினைத்தேன்.

அம்மா ஒருவழியாக வெளியே வந்தபோது அவர் முகத்தில் தூசியே இல்லை. "அப்புறம் எதுக்கும்மா கழட்டுன?" என்று தோட்டை நீட்டினேன். அப்பா அதை வாங்கித் தானே அம்மாவுக்குப் போட்டுவிட முயன்றார். திருகு பொருந்தவே இல்லை. ஒரு தோட்டை மாட்டத் தெரியவில்லையே இந்த அப்பாவுக்கு என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.