குப்பைமேட்டில் வீடு

தயிர் டப்பாவைக் கழுவிக் குப்பையில் போடுகிற ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். வந்த புதிதில் ஒருநாள் காலை பக்கத்து வீட்டு மார்கரெட் கதவைத் தட்டினார். நான் கழுவாமல் போட்ட டப்பா அவர் கையில் இருந்தது. பிள்ளை தொலைத்த செருப்பைக் கொண்டுவந்து தருவதுபோல நீட்டி, "ரின்ஸ், டியர்" என்றார். காகிதத்துக்கு நீலத் தொட்டி, பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் பச்சை, இலைதழைக்குப் பழுப்பு, எதிலும் சேராததற்குக் கறுப்பு. இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் இந்தச் சிறிய ஊரில் நீ எந்தத் தெரு என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. எந்தத் தொட்டியில் எதைப் போடுகிறாய் என்று மட்டும் பார்த்து வைத்துக்கொள்கிறார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கம் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது, கவுன்சில் கூட்டத்துக்குப் போகும்வரை.

கவுன்சில் என்பது நம்மூர் நகராட்சி மாதிரி. ரயிலடிக்குப் பின்னால் அதற்கு ஒரு மனை இருக்கிறது. அதன் மூலையில் ஊர்க்காரர்கள் பாட்டிலும் பழந்துணியும் கொண்டுவந்து போடும் பெரிய இரும்புப் பெட்டிகள். அந்த இடத்தில் சாதாரணச் சம்பளக்காரர்களுக்குக் கட்டுப்படியாகிற வாடகையில் வீடுகள் கட்டுவதா, மறுசுழற்சி மையத்தைப் பெரிதாக்குவதா, எதற்கு முன்னுரிமை என்று ஊரைக் கேட்டு முடிவு செய்யப் போவதாகச் சொன்னார்கள். எனக்கு அது வேடிக்கை பார்க்கிற விஷயமில்லை. நாங்கள் குடியிருக்கும் வீட்டை அதன் சொந்தக்காரர் விற்கப் போவதாகச் சொல்லிவிட்டார். நான் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன், கணவர் பஸ் ஓட்டுகிறார். இரண்டு சம்பளத்தையும் சேர்த்தாலும் இந்த ஊரில் வேறு வீடு அமையாது. ஊரை விட்டுப் போனால் என் வேலை போகும், மகளின் பள்ளிக்கூடம் போகும். அந்த மனையில் வீடு வந்தால்தான் எங்களுக்கு இந்த ஊர்.

பேச விரும்புகிறவர்கள் பேசலாம் என்றதும் எழுந்துவிட்டேன். "எங்கள் ஊரில் பெரிய மனிதர்களிடம்தான் குப்பை இருக்கும். வீடு கட்ட வேண்டிய இடத்தில் அவர்கள் குப்பையைச் சேர்த்து வைத்திருந்தார்கள். ஒரு கூடைகூட வீணாக விடமாட்டார்கள்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். குப்பைக்கு ‘ரப்பிஷ்’ என்ற சொல்லைப் போட்டேன். கூட்டத்தை நடத்திய கவுன்சிலர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வொண்டர்ஃபுல்! அந்தக் காலத்திலேயே மறுசுழற்சியா!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். என் முறை முடிந்துபோயிற்று. வீட்டுக்காகப் பேச எழுந்தவளைத் தொட்டியின் கட்சியில் சேர்த்துக்கொண்டார்கள். மார்கரெட் பூரித்துப்போய் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

நம் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நமக்குக் குப்பை என்றால் எரு. மாட்டுச் சாணமும் சாம்பலும் வைக்கோல் கூளமும் மக்கிக் கறுத்துக் கிடக்கும் பொருள். மாடும் நிலமும் இருக்கிறவர்களுக்குத்தான் குப்பை உண்டு. நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அது புறம்போக்கு நிலத்தில் மேடுமேடாகக் குவிந்திருந்தது. அந்தப் புறம்போக்கைத்தான் நிலமில்லாத எங்கள் குடும்பங்களுக்கு மனையாக அளந்து கொடுக்க அரசாங்கம் ஒப்புக்கொண்டிருந்தது. ஏரிக்கரைக் குடிசையில் ஒவ்வொரு மழைக்கும் சட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு மேடேறியவர்கள் நாங்கள். சர்வேயர் ஒருமுறை வந்தார், குப்பையைச் சுற்றி நடந்தார், "இடத்தைக் காலி பண்ணிட்டு ஆள் அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குப்பைக்காரர்களைக் கேட்டால் வண்டி இல்லை, மாட்டுக்குக் காலில் புண், அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார்கள். அடுத்த மாதம் மேடு இன்னும் உயர்ந்திருக்கும்.

அவை இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள். ஒருமுறை சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். சின்னசேலத்துக்கும் பஸ் இல்லை, கள்ளக்குறிச்சிக்கும் இல்லை. ஊரில் பாதி ஆண்கள் ரோட்டில் நின்றார்கள், மீதிப் பேர் போலீசுக்குப் பயந்து கரும்புத் தோட்டத்தில் கிடந்தார்கள். சாமை அறுக்கக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்குப் போன அப்பா மலைமேலேயே மாட்டிக்கொண்டார். கூலி வேலை ஒன்றும் நடக்கவில்லை. பெண்கள் கூடி, கேட்க நாதியில்லையே என்று புலம்பினார்கள். என் அம்மா அஞ்சலை புலம்பலில் சேரவில்லை. "ஆம்பளைங்க அவங்க பங்க கேக்கறாங்க, அதுல தப்பு ஒண்ணுமில்ல. நம்ம மனைய நாமதான கேக்கணும்? கூடைய எடுங்கடி" என்றாள்.

எங்கே எடுத்துப் போவது என்று கேட்டார்கள். "யாருதோ அவங்க கொல்லிக்குத்தான்" என்றாள் அம்மா. அதுதான் அவள் கண்டுபிடித்த வழி. எவருடைய குப்பையோ அவருடைய நிலத்துக்கே சுமந்துபோய்ப் போடுவது. மழையில் ஊறிய குப்பை இரும்பாகக் கனத்தது. தலையிலிருந்து கறுப்புத் தண்ணீர் முகத்தில் வடிய வடிய வரிசையாகப் போனார்கள். நானும் ஒரு சின்னக் கூடையோடு ஓடினேன். சாலை அடைந்து கிடந்த அத்தனை நாளும் சுமந்தார்கள். கடைசி மேடு கரையும்போது ஊர்ப் பெரிய நிலக்காரர் கோவிந்தசாமி சைக்கிளில் வந்து அம்மா முன்னால் இறங்கினார். சாலையிலிருந்து நேராக வந்தவருக்கு முகமெல்லாம் புழுதி.

"யாரக் கேட்டுக்கினு எங்குப்பையில கை வெச்சே?"

"உங்க குப்ப உங்க கொல்லியிலதாங்க கெடக்குது. கூலிகூட வேணாங்க. போய்ப் பாருங்க."

அவர் போய்ப் பார்த்தார். மரவள்ளி நடப்போகிற நிலம் முழுக்கக் குப்பை, அதுவும் வண்டியில் அடித்ததைவிடச் சீராக. திருடினாள் என்று சொல்ல முடியாது, பாழாக்கினாள் என்றும் சொல்ல முடியாது. திரும்பி வந்து மேடு இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுச் சைக்கிளை மிதித்தார். ஆனாலும் அம்மா நம்பவில்லை. மறுபடி யாராவது ஒரு கூடை கொட்டிவிட்டால் எல்லாம் போச்சு. அதனால் சர்வேயர் வருகிறவரை பெண்கள் முறைபோட்டுக்கொண்டு வெறும் தரையில் குந்தியிருந்தார்கள். பாதை திறந்தது, சர்வேயரின் அளவுச் சங்கிலி வந்தது, முளைக்குச்சி அடித்தார்கள். மலையிலிருந்து நடந்தே இறங்கிவந்த அப்பா, அடையாளத்துக்கு வைத்திருந்த மேட்டைக் காணாமல் ஊரே மாறிவிட்டதென்று தெருமுனையில் திகைத்து நின்றார். அங்கே வீடு கட்டி உண்டான தெருவுக்கு இன்றைக்கும் குப்பைமேடு என்றுதான் பெயர். மேடுதான் இல்லை.

கவுன்சில் கூட்டத்துக்கு மறுநாள் மார்கரெட்டின் வீட்டுக்குப் போனேன். நான் சொல்ல வந்தது ரப்பிஷ் இல்லை, எருவைத்தான், மேனியூர் என்று சொன்னேன். அவர் முகம் சிவந்தது. பிறகு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் முழுக் கதையையும் கேட்டார், ஏரிக்கரை, மழை, கூடை எல்லாம். கேட்டுவிட்டு, "வீடு வரட்டும். ஆனால் எங்கள் பாட்டில்கள் எங்கே போகும்?" என்றார். ஊரில் பலருக்கும் வீட்டின் மேல் பகை இல்லை, இந்தக் கேள்விதான் இருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெட்டிகளுக்கு ஓரிடம் காட்டாமல் மனையைக் கேட்பது வீண். அவரையே கூட்டிக்கொண்டு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். அதன் பின்னால் கார் நிறுத்தும் இடத்தில் பாதி எப்போதும் காலி. மேலாளர் என்னைப் பார்த்து, "கவுன்சிலிலிருந்து வருகிறீர்களா?" என்றார். இல்லை, குடியிருக்க வீடு தேடுகிறவள் என்று சொல்லி, பெட்டிகளை அங்கே வைக்கலாமா என்று கேட்டேன். முதல் தடவை முடியாது என்றார். இரண்டாம் தடவை தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்றார். நான் விடவில்லை. வேலை முடிந்து வரும்போதெல்லாம் உள்ளே நுழைந்து ஒரு பாக்கெட் பாலோடு அதே கேள்வியையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். குளிர்காலம் முடியும் சமயம் அவர் சரி என்று தலையாட்டினார்.

அடுத்த கூட்டத்தில் கவுன்சிலர் அம்மாள் அதே கேள்வியைத்தான் கேட்டார். "பெட்டிகளை எங்கே வைப்பது?" நான் எழுவதற்குள் மார்கரெட் எழுந்துவிட்டார். மேலாளரும் வந்திருந்தார். வீடுகளுக்கே முன்னுரிமை என்று முடிவாயிற்று. அதில் ஒன்று எங்களுக்குக் கிடைக்குமா என்று இன்னும் தெரியாது. கேட்டுக் காத்திருப்பவர்கள் எங்களைப்போலப் பலர். எங்கள் வீட்டின் சொந்தக்காரர் விற்பனையைக் கொஞ்சம் தள்ளிப்போட்டிருக்கிறார்.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ம்மா, இங்க குப்பப் பொட்டி வெச்சிருந்த எடத்துல வூடு கட்டப் போறாங்க."

"குப்பைய யாரு வாரனது?"

"நாங்கதான்."

நான் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து ‘எப்ப வருவே’ என்று கேட்காமல் அவள் போனை வைத்ததில்லை. அன்றைக்கு அதைக் கேட்கவில்லை.

"எழுந்து வந்துடாதடி. அளக்கறவரிக்கும் அங்கியே குந்திக்கினு இரு" என்றாள்.

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போன மறுநாள் ரயிலடிக்குப் பின்னால் போனேன். அவை நின்ற இடத்தில் சதுரம் சதுரமாக ஈரமண் தெரிந்தது. சுற்றிலும் ஆளில்லை. புடவை கட்டியிருந்தால் முந்தானையை இழுத்துச் செருகியிருப்பேன். கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு வெறும் தரையில் குந்தினேன். பழக்க தோஷம், கண் மேற்கே போய்க் கல்வராயன் மலையைத் தேடியது. சூப்பர் மார்க்கெட்டின் பின்சுவர்தான் தெரிந்தது. நான் எழுந்திருக்கவில்லை.